காய்ச்சல் விட்ட அன்றுதான் கவனம் வேண்டும்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. ஐப்பசி மழை பிடித்ததும் வார்டு முழுக்க டெங்கு காய்ச்சல்தான் என்று எழுதியிருந்தாய். பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 50,000-க்குக் கீழே இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய்.

அந்த ஓர் எண்ணை நம்பி முடிவெடுக்காதே. டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பிளாஸ்மா கசிவுதான், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறுவது. அது காய்ச்சல் இறங்கும்போது, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். "காய்ச்சல் விட்டுடுச்சு, வீட்டுக்குப் போறோம்" என்று நோயாளி நிற்பதும் அந்த நாளில்தான். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு விடாதே. முதல் நாள் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) கட்டாயம் எடுத்து வை. 38 இருந்தது 46 ஆனால் கசிவு பலமாக நடக்கிறது.

பி.பி.யில் மேல் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவாய். ரத்தக்குழாய்கள் இறுகுவதால் கீழ் அளவு ஏறும். 100/80 என்றால் இடைவெளி 20தான். கை கால் சில்லென்றும் இருந்தால் அது ஷாக், உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை. வயது வந்தவருக்கு உடனே நார்மல் சலைன், கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி, ஒரு மணி நேரத்தில். 50 கிலோ ஆளுக்கு அதிகபட்சம் 500 மில்லி. அதற்கும் இடைவெளி விரியவில்லையா, நிபுணரைக் கூப்பிட வேண்டிய நேரம் அதுதான். பி.பி. விழும்வரை காத்திருக்காதே. பிசிவி இறங்கியும் நாடி வேகமாகவே ஓடினால் உடலுக்குள்ளே ரத்தக்கசிவு நடக்கிறது. அவருக்கு வேண்டியது ரத்தம், இன்னொரு பாட்டில் சலைன் அல்ல.

கர்ப்பிணி, கைக்குழந்தை, சிறுநீரக, இதய நோயாளி என்றால் அறிகுறிக்குக் காத்திராமல் முதல் நாளே நிபுணரிடம் பேசிவிடு. நினைவு தடுமாறினாலோ, மூச்சு வாங்கினாலோ, கல்லீரல் என்சைம் 1000-ஐத் தாண்டினாலோ தாமதிக்காதே. அனுப்பும்போது டிரிப் ஓடிக்கொண்டே போகட்டும்.

டைக்ளோஃபினாக் வலி ஊசி யாருக்கும் போடவிடாதே, கேட்டு அழுதாலும். வயிற்றைப் புண்ணாக்கும், குத்திய இடத்தில் ரத்தம் கட்டும். பாராசிட்டமால் போதும். கசிவு நின்றதும் டிரிப்பை நிறுத்து. வெளியேறிய நீர் தானே ரத்தத்துக்குத் திரும்பும்; பழைய வேகத்திலேயே ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

நடுராத்திரி ஆனாலும் எனக்குப் போன் செய். எடை, காய்ச்சலின் எத்தனையாவது நாள், முதல் பிசிவி, இப்போதைய பிசிவி, கடைசி நான்கு மணி நேரச் சிறுநீர் அளவு, இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
சேகர்