பாடகர் போன பிறகு போடும் ஆல்பம்

அன்புள்ள கயலுக்கு,

பாடகர் விலகிவிட்டார், ஸ்டூடியோ தேதியை மாற்ற முடியாது என்று எழுதியிருந்தாய். மாற்ற வேண்டாம். ஆனால் டிரம்ஸுக்கு மைக் வைப்பதற்கு முன்னால், புதிதாக வந்திருக்கும் பாடகிக்கு எந்தப் பாட்டு எந்த ஸ்கேல், அதாவது எந்தச் சுருதி, என்று முடிவு செய்துவிடு. பழைய ஸ்கேலிலேயே வாசித்து வைத்துவிட்டுப் பிறகு பாட வைத்தால், ஆல்பம் முழுக்க அவள் எம்பிக்கொண்டோ முனகிக்கொண்டோ இருப்பாள்.

அமெரிக்காவில் ஓக்லண்டின் டவர் ஆஃப் பவர் குழுவை எடுத்துக்கொள். 1972-இல் ‘பம்ப் சிட்டி’ ஆல்பம். அதில் பாடியவர் ரிக் ஸ்டீவன்ஸ். அவர் போய் லென்னி வில்லியம்ஸ் வந்ததும், 1973-இல் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து அடுத்த ஆல்பம் போட்டார்கள். ஸ்டீவன்ஸ் பாடிய ‘யூ ஆர் ஸ்டில் எ யங் மேன்’ அமெரிக்கப் பாட்டு வரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் 29-ஆம் இடம் வரை போயிருந்தது. வில்லியம்ஸ் பாடிய ‘சோ வெரி ஹார்ட் டு கோ’ 17-ஐத் தொட்டது. இரண்டு பாட்டையும் எழுதியவர்கள் குழுவின் சாக்ஸ்காரர்களான எமிலியோ காஸ்டிலோவும் ஸ்டீபன் குப்காவும். பேஸில் ராக்கோ பிரெஸ்டியா, டிரம்ஸில் டேவிட் கரிபால்டி இருவரும் அப்படியே இருந்தார்கள். பாடகர் போனபோது பாட்டோ தாளமோ கூடப் போகவில்லை. உங்கள் கதை வேறு. பாதிப் பாட்டில் போனவரின் வரி இருக்கிறது. அவருடைய பங்கு எவ்வளவு என்று இப்போதே எழுத்தில் வாங்கிவிடு. பாட்டு ஓடத் தொடங்கினால் அந்தப் பேச்சு கசந்துவிடும்.

ஸ்கேல் பார்க்கும் முறை இதுதான். வெறும் கீபோர்டு போதும். ஒவ்வொரு பாட்டின் பல்லவியிலும் இழுத்து நிற்கிற உச்ச சுரத்தைக் கண்டுபிடி. பழைய ஸ்கேல், ஒரு கட்டை மேலே, ஒன்றரைக் கட்டை மேலே என்று பாட வைத்துப் போனில் பதிவு செய். இதை ஒத்திகையின் கடைசியில் செய்ய வேண்டும். களைக்காத குரல் எல்லாவற்றையும் எட்டும், களைத்த குரல்தான் உண்மையைச் சொல்லும். அவளால் எட்ட முடிகிற உச்சத்துக்கு ஒரு கட்டையாவது கீழே பல்லவி நிற்கட்டும்.

ஹார்ன் பகுதியை, அதாவது டிரம்பெட், சாக்ஸ் வரிகளை, கம்ப்யூட்டரில் ஒரே சொடுக்கில் ஏற்றிவிடாதே. ஒன்றரைக் கட்டை ஏற்றினால் லீட் டிரம்பெட்டுக்கு எழுதியிருக்கும் மேல் சி, இ ஃபிளாட் ஆகிவிடும். ஒரு டேக்கில் வாசிப்பார்கள், நான்காவதில் உதடு விட்டுவிடும். அந்த உச்ச சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்கி டெனர் சாக்ஸுக்குக் கொடுத்து, கார்டில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் வரிசையை மாற்றி அடுக்கு. இறக்கும்போது சிக்கல் பாரிடோன் சாக்ஸில் வரும். லோ ஏ கீ, அதாவது அடிச் சுரத்துக்கான கூடுதல் கட்டை, உள்ள பாரிடோனிலும் கீபோர்டு சுருதிக்கு சி-க்குக் கீழே சுரம் கிடையாது. பி வந்தால் மேல் ஸ்தாயிக்குத் தூக்கத்தான் வேண்டும், அடிக்கனம் போய்விடும். அந்த ஒரு பாட்டுக்கு அரைக் கட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பாடகியைக் கேள், பாவம் பாரிடோன்காரர்.

பேஸில் பிரெஸ்டியா மாதிரி பதினாறாவது சுரங்களை, அதாவது தட்டுக்கு நான்கு சுரமாக, ஓடவிடுகிற பாட்டு இருந்தால், இடது கை விரல்கள் கம்பியில் லேசாகப் படிந்து ஒலியை அடக்க வேண்டும். புது ஸ்கேலில் முக்கிய சுரம் திறந்த கம்பியில் விழுந்தால் அது அடங்காமல் ரீங்கரிக்கும். அதே சுரத்தைப் பக்கத்துக் கம்பியில் பிடித்து வாசிக்கச் சொல். கம்பியைத் தளர்த்தி அரைக் கட்டை இறக்குகிற யோசனை இந்த வாசிப்புக்கு ஒத்துவராது, எல்லாம் குழைந்துவிடும்.

ஏற்கெனவே பதிவான இரண்டு பாட்டில் டிரம்ஸை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறாய். எல்லாரும் ஒரே அறையில் வாசித்திருந்தால் முடியாது. டிரம்ஸுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்கில் பழைய ஸ்கேல் ஹார்ன் கசிந்திருக்கும், புது ஸ்கேலோடு உரசும். ஓவர்ஹெட்டைத் தனியாகப் போட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும். மென்பொருளில் சுருதி மாற்றுவதெல்லாம் அரைக் கட்டைக்குச் சரி. அதற்கு மேல் போனால் ஹார்னின் மூச்சு பிளாஸ்டிக் ஆகிவிடும்.

இன்னொன்று, அவளைப் பழைய பாடகரின் சங்கதிகளைப் போடச் சொல்லாதீர்கள். மெட்டைக் கொடுங்கள், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்கேல் பட்டியலும் ஹார்ன் ஸ்கோரும் தயாரானதும் அனுப்பு. டிரம்பெட் வரிகளை முதலில் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா