மூன்றே நாளில் ஒரு பள்ளத்தாக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பள்ளத்தாக்குகளைப் பற்றிய கட்டுரை படித்தேன். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனைக் கொலராடோ ஆறு பல லட்சம் ஆண்டுகளாகக் குடைந்தது என்பது சரி. ஆனால் எந்தப் பள்ளத்தாக்குக்கும் அத்தனை காலம் ஆகும் என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை.

2002 ஜூலையில் டெக்சாஸில் பெருமழை பெய்தது. குவாடலூப் ஆற்றின் குறுக்கே உள்ள கேன்யன் லேக் அணை நிரம்பி, கட்டிய பிறகு முதல் முறையாகக் கலுங்கு, அதாவது மிகுதி நீர் வழிந்து வெளியேறும் வாய், பாய்ந்தது. கலுங்குக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை. அதில் சுமார் மூன்றே நாளில் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் சராசரி 7 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளத்தாக்கு உருவாகிவிட்டது. வெள்ளம் பாறையை அரம் போலத் தேய்த்துக்கொண்டிருக்கவில்லை. அதில் முன்பே இருந்த வெடிப்புகளில் புகுந்து, பாளம் பாளமாகப் பெயர்த்து உருட்டிக்கொண்டு போனது.

டெக்சாஸ் கதையை நான் எழுதுவதற்குக் காரணம் எங்கள் ஊர்க் கண்மாய். கலுங்குக்குக் கீழே யாரோ கிராவல் அள்ளிய குழி ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மேலே கெட்டியான செம்புராங்கல், அடியில் இளகிய மண். கலுங்கில் வழிந்து வரும் மறுகால் தண்ணீர் குழிக்குள் விழும்போது அடிமண் கரைகிறது. மேல்தட்டு தாங்கலின்றி ஒடிந்து விழுகிறது. இப்படி ஒவ்வொரு மழைக்கும் குழியின் விளிம்பு தண்ணீர் வரும் திசையில், கலுங்கை நோக்கி ஏறிக்கொண்டே வருகிறது. சென்ற புரட்டாசியில் கலுங்குக்கும் விளிம்புக்கும் நடுவே 40 தப்படி இருந்தது. கார்த்திகை கழிந்து போய் அளந்தேன், 22 தப்படிதான். விளிம்பு கலுங்கை எட்டினால் கட்டுமானம் சரியும், கண்மாய் ஒரே இரவில் காலியாகும், கீழே உள்ள வயல்கள் மண்மூடிப் போகும்.

முப்பது ஆண்டு புவியியல் பாடம் நடத்தியவள் என்பதால் அதிகாரிகளிடம் நேரில் போய் விளக்கினேன். "மண் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும் ஆச்சி, அதற்குப் பல காலம் ஆகும்" என்று அனுப்பிவைத்தார்கள். உங்கள் கட்டுரையைப் படித்ததும் எனக்கு மனம் பொறுக்காமல் போனது இதனால்தான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் குழியின் தலைப்பில் பெரிய கற்களைப் பரப்பி, தண்ணீர் படிப்படியாக இறங்கும்படி கட்ட வேண்டும். உங்கள் செய்தியாளர் ஒருவர் வந்தால் நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன். தேவகோட்டையிலிருந்து பஸ் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தேவகோட்டை வட்டம்