நின்ற லாரியில் மோதிப் பிழைத்த பிறகு: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நின்ற லாரியில் கார் மோதிய பிறகு, மாப்பிள்ளை 19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "உயிர் பிழைச்சதே பெரிசு, மத்ததை விடும்மா" என்கிறார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் நீ விட்டுவிடாதே. அடுத்த ஆறு மாதம் அவர் உடம்பையும் பார்க்க வேண்டும், காகிதங்களையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் தாமதித்தால் திரும்பப் பிடிக்க முடியாது.

முதலில் உடம்பு. தொடை எலும்பில் ராடு வைத்துப் படுத்திருப்பவருக்குக் காலில் ரத்தம் உறைவது பெரிய ஆபத்து. தினமும் காலையில் இரண்டு கெண்டைக்காலையும் அருகருகே வைத்துப் பார். ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறதென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ 108-ஐக் கூப்பிடு. உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

அன்று எடுத்த தலை சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் அன்றைக்கு ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்தும் தலைகாட்டும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மீறிய தூக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, இவற்றில் எது வந்தாலும் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவருக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். பீடி, சிகரெட் ஒன்றுகூட வேண்டாம். நிகோடின் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். ஏர் ஹாரன் கேட்டு உடம்பு தூக்கிப் போடுவதும், கனவில் அந்த லாரி வருவதும் ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இனி அந்த லாரி. வேலையில் நீ முதலில் தொட வேண்டியது இதைத்தான். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்ததும் வண்டியை விடுவித்துவிடுவார்கள். உரிமையாளர் பின்பக்கத்தைச் சரிசெய்து பெயின்ட்டும் அடித்துவிடுவார். இன்னும் ஸ்டேஷனில் நின்றால் அனுமதி கேட்டு, ஒரு டேப்போடு போய்ப் படம் எடு. தரையிலிருந்து பின் தடுப்புக் கம்பியின் அடிவிளிம்பு வரைக்கும் அளவு தெரிய வேண்டும். அது 55 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. கம்பி உயரமாகவோ, ஒப்புக்குப் பற்றவைத்த மெல்லிய குழாயாகவோ இருந்தால் கார் அதில் முட்டி நிற்காமல் உள்ளே நுழைந்துவிடும். மோதலை வாங்கி நசுங்குவதற்கென்றே உள்ள காரின் முன்பகுதி லாரிக்கு அடியில் போய்விட, லாரியின் தளம் நேராகக் கண்ணாடிக்கும் அதன் தூணுக்கும் வந்து நிற்கிறது. அப்போது ஏர்பேக்கும் சொன்ன வேலையைச் செய்ய முடியாது.

சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருந்ததா, மண் மூடிக் கிடந்ததா, பின் விளக்கின் வயர் அறுந்து தொங்கியதா, எல்லாவற்றையும் கிட்டப் போய் எடு. நடந்த இடத்திலும் பார். எச்சரிக்கை முக்கோணம் வைப்பதற்குப் பதிலாக நாலு கல்லும் ஒடித்துப் போட்ட மரக்கிளையும் சாலையோரம் இன்னும் கிடக்கலாம். டோல்கேட் கேமரா பதிவு கொஞ்ச நாளில் அழிந்துவிடும். விபத்து நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி டோல் மேலாளருக்கும் ஸ்டேஷனுக்கும் இன்றைக்கே பதிவுத் தபால் அனுப்பு.

எஃப்.ஐ.ஆர். மாப்பிள்ளை பேரில் போட்டிருந்தால் உடைந்து போகாதே. பின்னால் போய் மோதியவர் மேல்தான் தப்பு என்று எழுதிவிடுவது சகஜம். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எஃப்.ஐ.ஆரோடு நின்றுவிடாது, சாட்சியங்களைத் தனியாக எடைபோடும். ஆபத்தான இடத்தில் வண்டியை விட்டுச் செல்வது மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவின்படி குற்றம். நெடுஞ்சாலையில் நிறுத்தியிருந்த டேங்கரில் கார் மோதிய அர்ச்சித் சைனி வழக்கில், கார் ஓட்டியவர் மீது தவறில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லா வழக்கும் அப்படி முடியும் என்று நினைக்காதே. மாப்பிள்ளை மீதும் கொஞ்சம் தவறு என்று வந்தால், 30 சதவீதம் என்று வைத்துக்கொள், அந்த அளவு தொகை குறையும். அதனால்தான் அந்த ஸ்டிக்கர் படத்துக்கு அவ்வளவு மதிப்பு.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிடு. 2022 ஏப்ரல் 1 முதல் சட்டத்தில் இந்தக் கெடு இருக்கிறது. விபத்து நடந்த உளுந்தூர்பேட்டைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம். எஃப்.ஐ.ஆர். நகல், முதலில் சேர்த்த ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், ஆம்புலன்ஸ் ரசீது எல்லாம் வேண்டும். தெர்மல் பேப்பர் பில் மங்கிவிடும், இப்போதே ஜெராக்ஸ் எடுத்துவிடு. பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வா.

தொகை எப்படி வருகிறதென்று நீயே தெரிந்துகொள். மாப்பிள்ளைக்கு வயது 33, லேத் பட்டறையில் மாதம் 20,000 வருமானம் என்று நிரூபித்தால், சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே என்பதால் வருங்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்து 28,000. வருடத்துக்கு 3,36,000. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது; அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 16, மொத்தம் 53,76,000. தொழில் செய்யும் திறன் 20 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால் வருமான இழப்பு மட்டும் 10,75,200. வலி, மருத்துவம், சத்துணவு எல்லாம் தனி.

இதில் அந்த 20 என்ற எண்ணில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சான்றிதழில் காலுக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அது அவர் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பது வேறு. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கும் நாள் முழுக்க லேத் முன்னால் நிற்பவருக்கும் ஒரே கால் ஒரே இழப்பாகாது. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, குந்த முடிகிறதா என்று டாக்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. வருமானத்துக்கு ஐ.டி. ரிட்டர்ன், ஜி.எஸ்.டி. கணக்கு, பாங்க் ஸ்டேட்மென்ட்.

லாரிக்காரர் தரப்பிலிருந்து கையில் பணத்தோடு வந்து "சமாதானமாப் போயிடலாம்" என்பார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதே. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் புரோக்கர் நீட்டும் வெற்று வக்காலத்திலும்தான் (வழக்கறிஞருக்கு அதிகாரம் கொடுக்கும் காகிதம் அது). வழக்கறிஞரை நீங்களே பார்த்துப் பேசி, கட்டணத்தை எழுதி வாங்கு. தொகை உங்கள் கணக்குக்கே வர வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, நீ மறந்தே போயிருப்பாய். அன்று இடப்பக்க சீட்டில் நீயும் இருந்தாய், உன் மணிக்கட்டும் உடைந்தது. காரை ஓட்டியது நீ இல்லை. ஓட்டியவர் மேல் எவ்வளவு தவறு என்று வந்தாலும் அதை உன் தொகையில் கழிக்க முடியாது. முழுவதையும் லாரித் தரப்பிடமே கேட்கலாம். வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்று 2021-இல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இரண்டு மனு. உன் எக்ஸ்ரேயைத் தேடி எடுத்து வேறு பையில் போட்டு, மேலே உன் பெயரை எழுதி வை.

அன்புடன்,
அண்ணன்