அந்தக் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறது?

எர்ணாவூர்ப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரிகள் எல்லோருக்கும்,

வணக்கம்.

'எல்லோருக்கும்' என்று பொதுவாக எழுதக் காரணம் இருக்கிறது. ராத்திரியில் கோழி பிடிக்க வரும் பூனை மாதிரியான காட்டு விலங்கு மரநாய், அது எந்த அதிகாரியின் கணக்கில் வரும் என்று மூன்று மாதமாக அலைந்தும் எனக்குப் பிடிபடவில்லை. முதலில் போன அலுவலகத்தில், அது காட்டு விலங்கு, எங்களிடம் ஏன் வந்தீர்கள் என்றார்கள். அவர்கள் கை காட்டிய அலுவலகத்தில், விலங்கு சரி, அது குடியிருக்கும் கட்டடம் எங்களுடையது இல்லையே என்றார்கள். கட்டடத்துக்குச் சொந்தமான அலுவலகத்துக்கும் போனேன். அங்கே ஒருவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "சிட்டியில யாரு சார் உங்களைக் கோழி வளர்க்கச் சொன்னது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். அதற்கு முன்னால், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும், மரநாய் குடியிருக்கும் பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸின் கேட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் புதரையும் குப்பையையும் எடுங்கள். இவ்வளவுதான். மரநாயைப் பிடித்துக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. செத்த கோழிகளுக்குக் காசும் கேட்கவில்லை.

அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நான்கு மனுவிலும் எழுதியிருக்கிறேன், நான்குக்கும் ரசீது வைத்திருக்கிறேன். மனுவில் எழுத முடியாமல் போன ஓர் இரவை மட்டும் சொல்கிறேன்.

அம்மாவிடம் ஒன்பது நாட்டுக்கோழிகள் இருந்தன. அவற்றில் செவலை என்று அம்மா கூப்பிடும் கோழி அடை உட்கார்ந்து அன்றைக்கு 19ஆம் நாள். கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, பதினொரு முட்டை வைத்திருந்தார். இடி இடித்தால் கூமுட்டையாகிவிடும் என்று ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் ஓரத்தில். முட்டை பொரிய 21 நாள் ஆகும். இன்னும் இரண்டே நாள்.

எங்கள் தெருவில் மரநாய் வந்துபோவதை மூக்குதான் முதலில் சொல்லும். அரிசி வேகிற மாதிரி ஒரு வாசம் அடிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வாசத்தில் அம்மா விழித்துக்கொண்டார். இந்த நேரத்தில் யார் வீட்டில் உலை வைக்கிறார்கள் என்று தூக்கக் கலக்கத்தில் நினைத்தாராம். அப்புறம்தான் உறைத்திருக்கிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூரைத் தகரத்துக்கும் வலைக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து, அதன் வழியாக இறங்கியிருக்கிறது. ஐந்து கோழிகள் கழுத்து கடிபட்டுக் கிடந்தன. தின்றது என்னவோ ஒன்றில் பாதிதான். மற்ற கோழிகள் பதறி மூலைக்கு ஓடியது தெரிந்தது, இறகு அங்கேதான் குவிந்திருந்தது. செவலை மட்டும் கூடையை விட்டு இறங்கவே இல்லை. முட்டைகளின் மேலேயே செத்திருந்தது.

அம்மா அழவில்லை. செவலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. ஒன்றை எடுத்து என் காதோடு வைத்து, "உள்ளார கத்துதுடா, கேளு" என்றார். கேட்டது. நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் மெலிசாக ஒரு 'கீச்'.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் துணியை விரித்து, 40 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, மூலையில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து, இரண்டு நாள் அம்மா அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. நடுவில் முக்கால் மணி நேரம் கரண்ட் போனது. அவ்வளவு நேரமும் முட்டைகளை மடியில் சேலைக்குள் முடிந்துகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது 68. பதினொன்றில் மூன்று பொரிந்தன. மிச்ச எட்டைக் கொல்லையில் புதைத்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் உங்கள் அலுவலகங்களில் ஒன்றுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் மேலே சொன்ன கேள்வி.

இப்போது பதில். யாரும் சொல்லவில்லை ஐயா. நாங்கள் சிட்டிக்குக் குடிவரவில்லை, சிட்டிதான் எங்களிடம் வந்தது. 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகளை எல்லாம் மாநகராட்சியோடு சேர்த்தபோது அம்மாவின் கோழிக்கூட்டுக்கு இருபது வயது தாண்டியிருந்தது. சொத்து வரி கட்டும் அன்றைக்கு நாங்கள் சிட்டி. தண்ணீர் வடியாத அன்றைக்குப் பட்டிக்காடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்ததே, அப்போது கோழிகளைச் சாக்கில் போட்டுப் பக்கத்து மாடிக்கு ஏற்றியவர் அம்மா. கறுப்புப் பிசுக்கை அவற்றின் காலிலிருந்து தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் நள்ளிரவில் தெருவில் ஓடினார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டவர்கள் ஒரு மரநாயைத் தாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று நீங்கள் நினைத்திருக்கலாம். தப்பில்லை. வடசென்னையில் எதையும் தாங்குவார்கள் என்ற நம்பிக்கையில்தானே எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மனுவைப் பார்த்து விசாரிக்க ஒரே ஒரு முறை ஓர் ஊழியர் வந்தார். வாசலில் வண்டியை விட்டு இறங்காமலே "பூனையா இருக்கும்" என்று முடிவு சொன்னார். பூனை ஈச்சம்பழம் தின்னாது. எங்கள் காம்பவுண்டுச் சுவரின் மேல் ஒரே இடத்தில் தினமும் எச்சம் கிடக்கிறது, அதில் ஈச்சங்கொட்டையும் பப்பாளி விதையும் அப்படியே இருக்கின்றன. சாட்சி வேண்டுமென்றால் பாலித்தீன் கவரில் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், எந்த மேசையில் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னால் போதும். கீரியாகவும் இருக்காது, கீரி பகலில் வருவது. பகல் கணக்கு வேறு, அதைப் பருந்தும் காக்காயும் பார்த்துக்கொள்கின்றன. அதற்கு நாங்களே மேலே வலை கட்டிவிட்டோம், உங்களைத் தொந்தரவு செய்யவில்லை.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறோம். பழைய கோழி வலையைக் கழற்றிவிட்டு அரை அங்குல வெல்டு மெஷ் அடித்தாயிற்று. தகரத்துக்குக் கீழே இருந்த சந்தை அடைத்து, கதவுக்கு இரண்டு கொக்கி போட்டிருக்கிறோம். ஆசாரி கூலியோடு 4,800 ரூபாய். நாட்டுக்கோழி முட்டை ஒன்றை அம்மா 15 ரூபாய்க்குக் கொடுக்கிறார், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை செய்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டு, தலைமாட்டில் ஓர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் வைத்துக்கொண்டு படுக்கிறார். வாசம் அடித்தால் தட்ட.

தெருவில் சிலர் முட்டைக்குள் எலி மருந்தை வைக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாயைக் கொல்வது குற்றம் என்று எங்களுக்கும் தெரியும். சட்டம் போகட்டும், அந்த முட்டையைத் தின்பது மரநாயாகத்தான் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? தெருப்பூனை தின்னும், செத்த எலியைப் பருந்து தூக்கும். கூண்டு வைத்துப் பிடித்து வேறெங்காவது விட்டாலும், அந்தக் குவார்ட்டர்ஸ் அப்படியே இருக்கிற வரைக்கும் அடுத்தது குடிவந்துவிடும். வாடகை இல்லாத வீடு, ஓடு பிரிந்த கூரை, வாசலிலேயே சாப்பாடு. மரநாய் என்ன, எனக்கே ஆசையாக இருக்கிறது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டெம்போவில் வந்து, பிராய்லர் கடைக் கழிவை மூட்டை மூட்டையாகச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டுப் போகிறார்கள். குடல், தலை, கால், இறகு. அதற்குப் பெருச்சாளி வருகிறது, பெருச்சாளிக்குப் பாம்பு வருகிறது. ஈச்சம்பழம் தின்றுகொண்டிருந்த மரநாய்க்குக் கோழி ருசியைக் காட்டிக்கொடுத்தது அம்மாவின் கூடு இல்லை. அரசாங்கச் சுவருக்குள் கிடக்கிற மூட்டைகள். டெம்போவின் நம்பரை மூன்றாவது மனுவில் எழுதியிருக்கிறேன், அதைப் பற்றி யாரும் இதுவரை ஒரு போன்கூடச் செய்யவில்லை.

ஆகவே மறுபடியும் அதே வேண்டுகோள். கேட்டைத் திறங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டுங்கள், மூட்டைகளை அள்ளுங்கள், ஓட்டையை அடையுங்கள், உடைந்த சுவரை டெம்போ ஒதுங்க முடியாதபடி கட்டுங்கள். புதரை வெட்டும் முன், உள்ளே குட்டி இருக்கிறதா என்று தெரிந்தவர்களை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதையும் அம்மாதான் எழுதச் சொன்னார். சாவி யாரிடம் என்று தெரியாவிட்டால் அதையாவது சொல்லுங்கள், பூட்டை உடைக்க எழுத்தில் அனுமதி கொடுத்தால் ஆள் கூலி தெருக்காரர்கள் தருகிறோம்.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது, மன்னிக்கவும். உங்களுக்கும் வேலைப்பளு இருக்கும்.

மூன்று குஞ்சுகளுக்கும் இன்றைக்கு 12 நாள். இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கின்றன. ஒரு மாதம் போனால் இறக்கை முளைத்துவிடும், அப்புறம் வெளிக்கூட்டில் விட்டே ஆக வேண்டும். அதற்குள் ஒரு நாள் பார்த்து வந்தால் நன்றாக இருக்கும். வருகிற நாளை முன்கூட்டிச் சொன்னால் தெருவில் ஆள் இருப்போம். காலையில் என்றால் இன்னும் நல்லது, அம்மா ராத்திரி தூங்குவதில்லை, மத்தியானம் கண் அசந்துவிடுகிறார்.

தங்கள் உண்மையுள்ள,
குவார்ட்டர்ஸ் சுவரை ஒட்டிய மூன்றாவது வீட்டுக்காரன்,
எர்ணாவூர், சென்னை