புதிய ஷாக் வாங்குமுன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தொடர்ச்சியான மேடுகளில் ஓட்டும்போது உன் ஸ்போர்ட் ஏடிவியின் (கரடுமுரடான தடங்களுக்கான நான்கு சக்கர வண்டியின்) பின்பக்கம் தூக்கி எறிவதாகவும், புதிய ஷாக் அப்சார்பர் வாங்கி வீட்டிலேயே பொருத்த எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். என் வண்டியில் அதே வேலையை அண்மையில்தான் முடித்தேன். என் கருத்து இதுதான்: ஷாக்கைப் பற்றி முடிவெடுக்குமுன் லிங்கேஜையும் (ஷாக்கைப் பின்சக்கர அமைப்போடு இணைக்கும் மூட்டுகளையும்) ஸ்பிரிங்கையும் பார்த்துவிடு.

வண்டியின் சட்டத்துக்கு அடியில் உறுதியாக முட்டுக்கொடுத்து, பின்சக்கரங்களைக் கழற்றி, ஷாக்கின் போல்ட்டுகளை எடுத்தபின் பின் ஆக்சிலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார். அது எங்கும் சிக்காமல் நகர வேண்டும். சேறும் தண்ணீரும் புகுந்து அந்த மூட்டுகளின் ஊசி பேரிங்குகள் துருப்பிடித்திருந்தால் எத்தனை உயர்தர ஷாக்கும் சிறு அதிர்வுகளை உள்வாங்காது. என் வண்டியில் பாதிக் குறை அங்கேதான் இருந்தது. பேரிங்குகளையும் சீல்களையும் மாற்றி, நீர்புகாத கிரீஸ் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கியதும் வண்டியின் குணமே மாறிவிட்டது.

அடுத்தது ஸ்பிரிங். பின் ஆக்சிலிலிருந்து அதற்கு நேர் மேலே சட்டத்தில் ஒரு புள்ளி வரையுள்ள தூரத்தை மூன்று நிலைகளில் அள: சக்கரம் தொங்கும்போது, வண்டி தானாகத் தரையில் நிற்கும்போது, முழுக் கவசங்களோடு நீ ஏறி அமர்ந்திருக்கும்போது. முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம், சஸ்பென்ஷனின் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கும்படி பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் அமைப்பை)த் திருப்பு. அதன்பின் இரண்டாம் அளவைக் கவனி. பலரும் தடுமாறுவது இங்கேதான். வண்டி தன் எடையில் சற்றும் இறங்காமல் நின்றால் ஸ்பிரிங் கடினமானது என்று தோன்றும். உண்மையில் அது உன் எடைக்கு மென்மையானது, அதனால்தான் பிரீலோடை அத்தனை தூரம் இறுக்க நேர்ந்திருக்கிறது. மாறாக, வண்டி தானாகவே மிகுதியாக இறங்கினால் ஸ்பிரிங் கடினமானது. பல வேளைகளில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினாலே போதும்.

ரீபவுண்டை, அதாவது அழுந்திய ஷாக் மீண்டும் நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை, கடைசியில் தொடு. இப்போதுள்ள கிளிக் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு கிளிக் மட்டும் மாற்றி, அதே பாதையில் ஓட்டிப் பார். நீ சொல்லும் தூக்கியெறிதலுக்கு ரீபவுண்ட் தணிப்புக் குறைவு காரணமாகலாம். ஆனால் அதை அளவுக்கு மீறிக் கூட்டினால் ஷாக் முழுமையாக நீளுமுன்பே அடுத்த மேடு வந்து, பின்பக்கம் படிப்படியாகத் தாழ்ந்து, ஏறக்குறைய அதே உதையைத் தரும்.

ஷாக்கின் உட்பகுதியை மட்டும் வீட்டில் திறக்காதே. அதில் உயரழுத்த நைட்ரஜன் இருக்கிறது; சீல், எண்ணெய் வேலைகளை அதற்குரிய கருவி உள்ளவர்களிடம் கொடு. பின்பக்க உயரம் மாறினால், முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் நேர்கோட்டில் வரும் நிலையில் செயினின் தளர்வைச் சரிபார். செயின் மிக இறுகுவது அந்த நிலையில்தான்.

அந்த மூன்று அளவுகளையும், கவசங்களோடு உன் எடையையும் எனக்கு எழுது. ஸ்பிரிங்கைப் பற்றிச் சேர்ந்தே முடிவெடுக்கலாம்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்