கஞ்சிலை விற்பதற்கு முன்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் கஞ்சில் கார் மலை ஏற்றத்தில் சூடேறிக் கொதித்தது பற்றி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் அம்மாவும் மூன்று தடவை கேட்டோம். நீ பயந்து போயிருக்கிறாயா என்று அம்மா கேட்டாள். காடி என்ன சொல்கிறது என்று நான் கேட்டேன். பதிலையும் பேசித்தான் அனுப்பப் பார்த்தேன், பத்து நிமிஷம் ஆகியும் ரேடியேட்டரைத் தாண்டவில்லை. "எழுதி அனுப்புங்க, அவ காடியிலேயே வெச்சுக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். சரி, அப்படியே செய்.

சூட்டு ஊசி ஏறியதும் ஓரம் கட்டினாய், எர்கோனை (ஏசியை) அடைத்தாய், மூடியைத் தொடவில்லை. மூன்றும் சரி. என் இடது முழங்கைக்குக் கீழே உள்ள தழும்பை நீ சின்ன வயதில் தடவிப் பார்த்துக் கேட்கும்போதெல்லாம் புலி பிறாண்டியது என்பேன். புலி இல்லை, டிராக்டர். தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், கொதித்துக் கிடந்த ரேடியேட்டரின் மூடியை ஈரச் சாக்கைப் போட்டுத் திருகினேன். சாக்கு ஒரு பக்கம் பறந்தது, நான் ஒரு பக்கம் விழுந்தேன். தோட்டத்துக் கணக்கர் பெரிய கிராணி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு சூடான மூடி எதையும் நான் அவசரப்பட்டுத் திறந்ததில்லை, உன் அம்மாவின் குக்கரைக்கூட.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குவா மூசாங்கில் அந்தப் போமன், அதான் மெக்கானிக், பொன்னெட்டைத் திறந்த ஐந்தாவது நிமிஷமே, எஞ்சின் போய்விட்டது, முழுக்கப் பிரித்துச் செய்யும் ஓவர்ஹாலுக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) ஆகும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடு என்றாராம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதையும் கழற்றிப் பார்க்காமல் சொன்ன விலை அது. உன் மெசேஜின் நடுவில் நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாய், கவனித்தாயா தெரியவில்லை. "ரேடியேட்டர்ல தண்ணியே இல்லப்பா, ஆனா பக்கத்துல இருக்கிற பாட்டில் நிறைஞ்சு வழிஞ்சுது." அந்த இடம் வந்ததும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, அதில் இரண்டு வால்வு இருக்கிறது. தண்ணீர் சூடாகி விரியும்போது ஒன்று திறந்து, மிச்சத் தண்ணீரைப் பாட்டிலுக்குத் தள்ளும். எஞ்சின் ஆறும்போது இன்னொன்று திறந்து, அதே தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மூடியில் இருக்கும் ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் போன தண்ணீர் திரும்பாது. ஒவ்வொரு நாளும் ஒரு குவளை போகும், பாட்டில் நிறையும், ரேடியேட்டர் காலியாகும். அது மட்டுமா, அழுத்தமும் நிற்காது. ஒரு பார் அழுத்தம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடி கசிந்தால் 100-லேயே கொதித்துவிடும், மலை மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் அதற்கும் முன்னாலேயே. சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் ஒரே ஏற்றம். வாஷர் போன குக்கரில் பருப்பு வேகாது என்று உன் அம்மா சொல்வாளே, அதே கணக்கு.

எஞ்சினின் தலைக்கும் (ஹெட்) உடம்புக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போனாலும் தண்ணீரை இப்படித் தள்ளும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிய பிறகு லோஜிங் வழியாக வீடு வரை ஊசி பாதிக்கு மேல் ஏறவில்லை என்கிறாய். கேஸ்கட் நன்றாகப் போயிருந்தால் அவ்வளவு தூரம் விட்டிருக்காது என்பது என் கணிப்பு. கணிப்பை நம்பாதே, பார்த்துவிடு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பார். தே தாரே (ஆற்றிய பால் டீ) நுரை மாதிரி வெளுப்பாக ஒட்டியிருக்கிறதா? ஆயில் குச்சியிலும் அதே நிறமா? அப்புறம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து ஒரு நிமிஷம் மட்டும் எட்ட நின்று பார், குமிழி விடாமல் வருகிறதா? புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, இனிப்பு வாடை அடிக்கிறதா? இதில் ஒன்றுமே இல்லை என்றால் எஞ்சினைத் திறக்க யாருக்கும் சம்மதம் சொல்லாதே. ஏதாவது இருந்தாலும் முதலில் ஹெட்டை மட்டும் கழற்றி மெஷின் ஷாப்பில் வளைவு பார்க்கச் சொல். அலுமினிய ஹெட் சூட்டில் வளையும், லேசாகச் சீவிப் புது கேஸ்கட் போட்டால் போதும். முழு ஓவர்ஹால் என்பது வேறு வேலை.

மூடிக்கு அடுத்தது ஃபேன். காடியை நிறுத்தி வைத்து, எர்கோன் போடாமல், எஞ்சினை ஓடவிடு. ஊசி பாதியைத் தாண்டும் நேரத்தில் ஃபேன் தானாகச் சுற்றி, கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு சூட்டுச் சுவிட்ச், கடைசியில்தான் மோட்டார். சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றி இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல். ஃபேன் ஓடினால் மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, சுவிட்சுதான் செத்திருக்கிறது. எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை மறித்து நிற்கும் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறி, நம் ஊருக்குத் தேவையில்லை என்று சில போமன்கள் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான், தப்பு. குழாய்த் தண்ணீரும் வேண்டாம், உள்ளே துரு பிடிக்கும். பச்சையோ சிவப்போ ஒரே கூலண்டாக வாங்கு, கலக்காதே.

ஹோஸ்களையும் விரலால் அழுத்திப் பார். பிசுபிசுத்தாலும் அப்பளம் மாதிரி நொறுநொறுத்தாலும் மாற்று. உன் பாட்டி பால்மரம் வெட்டிப் பிழைத்தவள், ரப்பருக்கும் வயசு உண்டு என்று அவளிடமே கேட்டிருக்கிறேன். ஹோஸ் நம் மரத்துப் பால் இல்லை, செயற்கை ரப்பர், சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். அதற்கும் ஒரு நாள் கிழடு தட்டும். கார்பரேட்டர் பக்கம் போகும் பென்சில் கனத்துக் குழாய்களும் அப்படித்தான். நின்ற இடத்தில் எஞ்சின் உதறினால், எர்கோன் போட்டதும் அணைந்தால், கார்பரேட்டரை மாற்றச் சொல்வதற்கு முன்னால் அந்தக் குழாய்களில் ஸ்ஸ் சத்தம் வருகிறதா என்று கேள். மூன்று சிலிண்டர் வண்டி, ஒரு பிளக் தூங்கினாலே உட்கார்ந்திருப்பவனைக் குலுக்கிவிடும்.

பாகத்தை மாற்றுவதற்கு முன்னால் கோளாறைக் கண்டுபிடி என்று நான் படித்துப் படித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ காந்தி கலாசாலையில் ஆறாம் வகுப்பு படித்தபோது இந்தக் காடி ஒரு மாதம் ஸ்டார்ட் ஆகாமல் வதைத்தது. எனக்கு அப்போது வேலை ஷிப்ட், பார்க்க நேரமில்லை, ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். முதலில் பேட்டரி மாற்றினார்கள். ஒரு வாரம். பிறகு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர். பத்து நாள். பிறகு ஸ்டார்ட்டர் என்றார்கள். நான் காடியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நீதான் பக்கத்தில் நின்றாய், ஞாபகம் இருக்கிறதா? பேட்டரியின் மைனஸ் கேபிள் பாடியில் சேரும் இடம், ஒரே ஒரு பத்து நம்பர் போல்ட். கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. மணல் தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கிற வரை சுரண்டி, திரும்ப முடுக்கினேன். சாவியைத் திருப்பியது நீ. ஒரே திருப்பில் பிடித்தது. செலவு, மணல் தாள் ஒன்று.

அதனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் பேட்டரித் தலைகளைப் பார். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் மைனஸ் கேபிளை முதலில் கழற்றிவிட்டுச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய். நான் பின்பக்க டிக்கியில் வைத்திருக்கும் சின்ன மீட்டரால் அள: ராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி. ஓடும்போதும் 12-லேயே நின்றால்தான் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்பட வேண்டும், அதற்கும் முன்னால் பெல்ட்டை. அந்தப் பெல்ட்டைக் கடையில் மலாயில் தாலி கிப்பாஸ் என்று கேள். பேட்டரி என்எஸ் 40 இசட்எல்.

மற்றவை சுருக்கமாக. வளைக்கும்போது சக்கரத்தில் டக் டக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு. கிளட்ச் திடீரென்று கனத்தால் கேபிள் இழை பிரிகிறது, அறும் வரை காத்திருக்காதே. டைமிங் பெல்ட் மாற்றிய கிலோமீட்டரைப் பொன்னெட்டின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பாகம் தேடுவதைப் பற்றிக் கவலைப்படாதே. கஞ்சில் 1994-இல் வந்து 2009-இல் நின்றது, நாடு முழுக்க இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அடியில் அது ஜப்பான் கார் டைஹாட்சு மிரா, அதனால் ஜப்பானிலிருந்து அறுத்து வரும் மிராவின் பாகங்கள் பலவும் இதற்குப் பொருந்தும். நம்முடையது 847 சிசி, எஞ்சின் கோடு இடி-10. கடைக்காரர் "லாப்பான் லீமா சீரோ?" என்பார், ஆமாம், கார்பரேட்டர் என்று சொல். கெலிசா காரும் அதே கம்பெனிதானே என்று 1.0 எஞ்சின் சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது வேறு எஞ்சின்.

கையில் பழைய பாகம் இல்லாமல் கடைக்குப் போகாதே. போன வருஷம் நான் ஈப்போவில் பழைய காடிகளை அறுத்துப் பாகம் விற்கும் ஒரு போத்தோங் கடைக்கு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் தேடிப் போனேன். வாசலில் கதவுகள் துணி காயப் போட்ட மாதிரி தொங்குகின்றன, உள்ளே தரையெல்லாம் ஆயில், எஞ்சின்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளைப் பெயின்டில் எண். கடை முதலாளி தௌகே மூன்றை எடுத்து வைத்தார். மூன்றும் பார்வைக்கு ஒன்றுதான். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் வயர் பிளக்கு வேறு, இன்னொன்றில் போல்ட் துளை அரை இஞ்ச் தள்ளி. மூன்றாவதற்கு அவர் 70 வெள்ளி கேட்டார், 60-க்கு வாங்கினேன். அதுதான் இப்போது உன் காடியில் இருக்கிறது.

போத்தோங் கடையில் கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கருவி, விளக்கு, ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் தைரியமாக வாங்கலாம். பிரேக், பெல்ட், ஹோஸ், வாட்டர் பம்ப், எதுவாக இருந்தாலும் ரப்பர் சம்பந்தப்பட்டது புதிதாகத்தான் வாங்க வேண்டும். 'ஒரி' (அசல்) கிடைத்தால் ஒரி, இல்லாவிட்டால் பெயர் தெரிந்த ஓஇஎம் கம்பெனிப் பாகம். இணையக் கடை ஷோப்பியில் பாதி விலைக்கு வரும் பிளக்கைப் பார்த்து மயங்காதே, போலி நிறைய. யாராவது முழு எஞ்சினையே மாற்றித் தருகிறேன் என்றால் அது மலிவாகக்கூட இருக்கலாம், ஆனால் கிராண்டில், அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தில், இருக்கும் எஞ்சின் நம்பரை மாற்ற வேண்டும், புஸ்பாகோம் பரிசோதனை, சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜே என்று அலைய வேண்டும். பள்ளிக்கூடத்து வேலையோடு உனக்கு அது ஆகாது.

எல்லாம் பார்த்த பிறகும் ஹெட் வெடித்திருக்கிறது என்றால் விற்றுவிடு. நான் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன், அது என் பாடு. தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனுக்கு வந்த வருஷம் வாங்கியது, அம்மா பிரசவ வலியோடு இதில்தான் ஏறினாள், உன் தம்பி கொஞ்சம் தாமதித்திருந்தால் காடியிலேயே பிறந்திருப்பான். ஆனால் பழைய இரும்புக்காரனிடம் எடை போட்டுக் கொடுக்காதே, போத்தோங் கடைக்குக் கொடு. நம் கதவு வேறு ஒருவன் காடியில் ஓடட்டும்.

விற்காவிட்டால், அடுத்த முறை மலை ஏறும்போது லாரியின் பின்னாலேயே மூன்றாவது கியரில் முக்காதே. இரண்டில் போடு, எர்கோனை அடை, ஜன்னலைத் திற. மலாயில் கஞ்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் அது புத்தியால்தான் தப்பும், பலத்தால் இல்லை.

புது மூடி ஒன்று, தெர்மோஸ்டாட் அதன் கேஸ்கட்டோடு, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் எல்லாம் இங்கேயே வாங்கிவிட்டேன். நாளைக் காலை போஸ் லாஜு கூரியரில் போடுகிறேன். அதே பெட்டியில் அம்மா முறுக்கு வைத்திருக்கிறாள், ரப்பர் வாடை ஏறிவிடும் என்று சொன்னேன், கேட்கவில்லை. உங்கள் கிளந்தான் பக்கம் வெள்ளிக்கிழமை கடைகள் பல மூடியிருக்கும், சனிக்கிழமை காலை போ. மூடியை மட்டும் நீயே மாற்றலாம், கருவி எதுவும் வேண்டாம். மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார், வெதுவெதுப்பு இருந்தால்கூட இன்னொரு தே தாரே குடித்துவிட்டு வந்து திற.

அன்புடன்,
அப்பா