பொன்மலைப் படங்களைக் காப்பாற்ற இன்னும் ரூ.1,68,000 வேண்டும்

பொன்மலைச் சொந்தங்களுக்கு வணக்கம்.

திருச்சிப் பொன்மலையில் ரயில்வேயின் பழைய கூட்ஸ் வேகன்கள், யார்டு, ஒர்க்‌ஷாப் படங்களை ஸ்கேன் செய்யும் வேலை பாதியில் நிற்கிறது. ஆகஸ்ட் 31-க்குள் மீதிப் பணம் கட்டாவிட்டால் ஸ்டுடியோக்காரர் ஒத்துக்கொண்ட சலுகை ரேட்டும் போய்விடும்.

நம் பெரியவர்களுக்குக் கதை சொல்லத் தேவையில்லை; பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் நாகப்பட்டினம் பட்டறை இங்கே பெயர்ந்து வந்த காலம் அது. பட்டறைகளை ஓரிடத்தில் சேர்க்கும் சாக்கில் ஆட்குறைப்பு. அதை எதிர்த்து 1928-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5 அன்று ரயில்வே தொழிலாளர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த ஐந்து தோழர்களுக்கு இன்றும் சங்கத்திடலில் அஞ்சலி செலுத்துகிறோம். கன்டெய்னர் ஏற்றும் வேகன் கட்டியதும், ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்ததும் இந்த ஊர்க் கைகள்தான்.

அந்தக் கைகளைப் படத்தில் பார்க்கலாம். ஒரு கண்ணாடி நெகட்டிவில் மீட்டர் கேஜ் வேகன் ஒன்று, பக்கவாட்டில் எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வே) என்ற எழுத்து. கதவோரம் ஒருவர் பெயின்ட் டப்பாவோடு குந்தியிருக்கிறார். பின்னால் புகைபோக்கி, அதற்கும் பின்னால் மலை. ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் வேகனின் காலி எடையைக்கூட வாசிக்க முடிகிறது. ஆனால் ஓரத்தில் மேல்பூச்சு உரிந்து வருகிறது. ஃபிலிம் சுருள் டப்பாக்களைத் திறந்தால் வினிகர் வாடை. அந்த வாடை வந்துவிட்டால் ஃபிலிமை மீட்க வழியில்லை, குளிர்ச்சியில் வைத்து அழிவைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

மொத்தச் செலவு ரூ.4,80,000. ஸ்கேனிங் 2,90,000, அமிலமில்லாத உறைகளும் பெட்டிகளும் 85,000, குளிரூட்டிய அறைக்கு 1,05,000. இதுவரை வந்தது 3,12,000.

கொடுத்தவர்களுக்குக் கைகூப்பி நன்றி. நெகட்டிவ்களை ஒரு பைசா வாங்காமல் ஒப்படைத்த போட்டோகிராபர் குடும்பத்தார், பென்ஷன் வந்த அன்றே ஆயிரம் ரூபாயோடு வந்த முன்னாள் ஃபிட்டர்கள், கணவர் நினைவாகக் கொடுத்த ஃபவுண்டரி வீட்டு அம்மா, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உண்டியலில் பத்தும் இருபதுமாகப் போட்ட வியாபாரிகள். அத்தனை பேரும் நன்றாயிருக்க வேண்டும்.

அப்புறம், மனசு தாங்காமல் ஒன்று. குவார்ட்டர்ஸில் பிறந்து, அப்பாவின் ஒர்க்‌ஷாப் சம்பளத்தில் படித்து, இன்று வெளியூரில் வசதியாக இருக்கும் பலர், படம் அனுப்பினால் உடனே இதயம் போடுகிறார்கள்; பணம் என்றதும் பதிலில்லை. ஆயுத பூஜைக்கு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பொரி கடலை வாங்கித் தின்ற பிள்ளைகள்தானே நாமெல்லாம்? இது தர்மம் இல்லை, கடன்.

ரூ.500 கொடுத்தாலும் ரசீது உண்டு. ரூ.5,000-க்கு மேல் கொடுப்பவர்கள், தாங்கள் விரும்பும் பெயரை ஒரு படத்தின் பெட்டியில் எழுதச் சொல்லலாம். ஆகஸ்ட் முடியும்வரை ஞாயிறுதோறும் காலையில் சந்தை முகப்பில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்போம். வீட்டில் பழைய படம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம்.

— படக் காப்புக் குழுவினர், பொன்மலை